சம்பளப் பட்டியல் இல்லாத நிறுவனம்: எழுத்துத்திரை விளையாட்டுகள் கற்றுத்தரும் முகாமைத்துவப் பாடம்

ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அதற்குக் கட்டடம் இல்லை. சம்பளப் பட்டியல் இல்லை. விளம்பரத்திற்கு ஒரு சதமும் செலவிடுவதில்லை. அது உற்பத்தி செய்யும் பொருளுக்கு விலையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். அங்கு வேலை செய்பவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை. இப்படியொரு நிறுவனம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று கேட்டால், அனுபவமுள்ள எந்த வர்த்தகரும் "ஆறு மாதம்கூடத் தாங்காது" என்றுதான் சொல்வார்.

ஆனால் 1987 ஜூலையில் வெளிவந்த 'நெட்ஹெக்' என்ற கணனி விளையாட்டு இப்படித்தான் நடத்தப்பட்டு வருகிறது. அதன் 3.6.7 ஆம் பதிப்பு 2023 பெப்ரவரியில் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் கோடிக்கணக்கான டொலர் முதலீட்டில் தொடங்கிய எத்தனையோ விளையாட்டுக் கம்பனிகள் மூடப்பட்டுவிட்டன. பணமே புழங்காத இந்த முயற்சி நிலைத்து நிற்பதன் இரகசியம் என்ன? நமது கடைகளுக்கும் சிறு கைத்தொழில்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டா? இன்றைய பாடம் இதைப் பற்றியதாகும்.

முதலில் சில விளக்கங்கள்

கணனியில் படமோ மவுஸோ இல்லாமல், எழுத்துகளும் குறிகளும் மட்டும் தோன்றும் திரையை 'டேர்மினல்' என்பார்கள். வழமையான அளவு 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். நெட்ஹெக் பிறந்தது இந்தத் திரைக்காகத்தான். மின்னஞ்சல் முகவரியில் வரும் @ என்ற குறிதான் விளையாடுபவர். சிறு கோடுகள் சுவர்கள். + என்பது கதவு. $ என்றால் பொற்காசு. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு வகை விலங்கு அல்லது பூதம். ஒவ்வொரு முறையும் நிலவறையின் வரைபடம் புதிதாக அமையும். ஒருமுறை உயிரிழந்தால் ஆட்டம் முடிந்தது. மீண்டும் ஆரம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது 'திறந்த மூல மென்பொருள்'. ஒரு மென்பொருளை உருவாக்கும் நிரலை, அதாவது அதன் செய்முறைக் குறிப்பை, எவரும் வாசிக்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதித்து வெளியிடுவதே இதன் பொருள். இது நமக்கு அந்நியமான விடயமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் பற்றிய விபரங்களைப் பதிவதற்காக இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' இவ்வகையைச் சேர்ந்ததே. பின்னர் வேறு நாடுகளில் அனர்த்தங்கள் நேர்ந்தபோதும் அது பயன்பட்டது.

இத்தகைய மென்பொருளைப் பொறுப்பேற்று நடத்துபவரைப் 'பராமரிப்பாளர்' என்றும், வெளியிலிருந்து திருத்தங்களை அனுப்புபவர்களைப் 'பங்களிப்பாளர்கள்' என்றும் அழைப்பர். நமது பாடம் இந்த இரு தரப்பினருக்கும் இடையிலான உறவைப் பற்றியது.

பாடம் 1: செய்முறையை மூடி வைத்தால் தொழில் ஒருவரோடு முடியும்

நெட்ஹெக்கின் மூதாதை 'ரோக்' என்ற விளையாட்டு. 1980 அளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கல் டோய், க்ளென் விச்மன் இருவரும் இதைத் தொடங்கினர். பின்னர் பேர்க்லியில் கென் ஆர்னல்ட் இணைந்துகொண்டார். பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் தொகுப்போடு ரோக் பல நாட்டுக் கணனிக் கூடங்களைச் சென்றடைந்தது. ஆனால் ஓடக்கூடிய வடிவம்தான் சென்றதே தவிர, அதன் மூல நிரல் செல்லவில்லை. விளையாடலாம், திருத்த முடியாது. 1980களின் நடுப்பகுதியில் அதைக் காசுக்கு விற்கும் முயற்சியும் நடந்தது. எதிர்பார்த்த விற்பனை கிடைக்கவில்லை.

அதே காலத்தில், 1982 அளவில், மசசூசெட்ஸ் மாநிலத்தின் உயர்பாடசாலை ஒன்றில் படித்த ஜே பென்லேசன் என்ற மாணவர் நண்பர்களோடு சேர்ந்து ரோக்கைப் போன்ற ஒன்றைத் தாமாகவே எழுதினார். அதுதான் 'ஹெக்'. அதன் மூல நிரல் பிறருக்கும் கிடைத்தது. அம்ஸ்டர்டாமிலிருந்த அன்ட்ரீஸ் ப்ரௌவர் என்ற கணிதவியலாளர் அதை விரிவாக்கி, 1984 டிசம்பரில் யூஸ்நெட் வலையமைப்பு வழியாக எல்லோருக்கும் அனுப்பினார். பல ஊர்களில் பலர் அதைத் தத்தமது கணனிகளுக்கு ஏற்ப மாற்றினர். இப்படிச் சிதறிக் கிடந்த மாற்றங்களை மைக் ஸ்டீபன்சன் என்பவர் 1987 இல் ஒன்று சேர்த்தார். வலையமைப்பின் வழியே பலர் கூடிச் செய்த வேலை என்பதால் பெயரின் முன்னால் 'நெட்' சேர்ந்தது.

இங்கு கவனியுங்கள். தொடங்கியவர் ஒருவர், வளர்த்தவர் இன்னொருவர், ஒன்று சேர்த்தவர் மூன்றாமவர். இவர்கள் ஒரு குடும்பத்தவரோ ஒரே நாட்டவரோ அல்லர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போனது செய்முறை மட்டும்தான். அது போனதால் பொருள் வாழ்ந்தது.

நமது ஊர்க் கடைகளை எண்ணிப் பாருங்கள். எந்தச் சரக்கை யாரிடம் எடுப்பது, எவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்த மாதத்தில் எது ஓடும் என்பதெல்லாம் வாப்பாவின் தலைக்குள்தான் இருக்கும். அவர் படுக்கையில் விழுந்த அன்று கடையில் பொருள் இருக்கும், சாவி இருக்கும், மகனும் இருப்பார். ஆனால் வியாபாரம் இருக்காது. கணக்கை ஊருக்கெல்லாம் திறந்து காட்டச் சொல்லவில்லை. வேலை நடக்கும் முறையை எழுதி, அடுத்துச் செய்யப் போகிறவருக்குத் திறந்து வையுங்கள் என்பதே பாடம்.

பாடம் 2: நட்பாயினும் எழுத்தில் இருக்கட்டும்

இலவச வேலைதானே, ஒப்பந்தம் எதற்கு என்று நினைக்கலாம். நெட்ஹெக் குழுவினர் அப்படி நினைக்கவில்லை. விளையாட்டுடன் ஓர் அனுமதிப்பத்திரம் சேர்ந்தே வருகிறது. எவரும் பிரதி எடுக்கலாம்; மாற்றலாம். ஆனால் மாற்றியவர் தாம் மாற்றியதையும் மாற்றிய திகதியையும் அந்தக் கோப்பிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் இதே நிபந்தனைகளின் கீழேயே கொடுக்க வேண்டும். பிரதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு மட்டும் கட்டணம் அறவிடலாம்.

இதில் பெரிய நுட்பம் இருக்கிறது. ஒருவர் எழுதி அனுப்பிய பத்து வரிக்கும் அவர்தான் பதிப்புரிமையாளர். ஆரம்பத்தில் நிபந்தனைகளைத் தெளிவாக்காமல் நூறு பேரின் வேலையைக் கலந்துவிட்டால், பின்னர் நிபந்தனையை மாற்ற நினைக்கும்போது நூறு பேரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் பெற வேண்டும். சிலரின் முகவரி கிடைக்காது. சிலர் உயிரோடு இருக்கமாட்டார்கள். சம்மதம் கிடைக்காத பகுதிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டிவரும்.

சகோதரர்கள் நால்வர் சேர்ந்து தொடங்கிய கடையில் "நமக்குள் எதற்கு எழுத்து" என்ற ஒரு வார்த்தையால் பிற்காலத்தில் ஏற்பட்ட பிளவுகளை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். மனம் நல்லபடியாக இருக்கும் நாளிலேயே எழுதி வைப்பது நம்பிக்கையின்மை ஆகாது. அது நட்பைக் காக்கும் ஏற்பாடு.

பாடம் 3: காரணத்தோடு 'வேண்டாம்' சொல்லுங்கள்

பங்களிப்பாளர்கள் பெருகும்போது வரும் பிரச்சினை வேறு. ஒவ்வொருவரும் ஒரு யோசனையோடு வருவார்கள். புதிய ஆயுதம், புதிய பூதம், புதிய நிறம். எல்லாவற்றையும் ஏற்றால் விளையாட்டு கெடும். எல்லாவற்றையும் மறுத்தால் ஆட்கள் போய்விடுவார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் 'டன்ஜன் க்ரோல்' என்ற மற்றொரு எழுத்துத்திரை விளையாட்டு. லின்லி ஹென்செல் என்பவர் எழுதி 1997 இல் வெளியிட்டது. அவர் ஒதுங்கிக்கொண்ட பின்னர் சில ஆண்டுகளில் வேலை மந்தமடைந்தது. 2006 இல் ஆர்வலர் குழுவொன்று அதை எடுத்து 'ஸ்டோன் சூப்' என்ற பெயரைச் சேர்த்துப் புதுப்பித்தது. பெயருக்கான கதை ஐரோப்பாவில் வழங்குவது. வழிப்போக்கர் ஒருவர் வெறும் கல்லைப் பானையிலிட்டு, "கல் சூப் காய்ச்சுகிறேன்" என்பார். வேடிக்கை பார்க்க வந்த ஊரார் ஆளுக்கொரு கிழங்கும் கீரையும் போடப் போட, கடைசியில் ஊருக்கே போதுமான உணவு ஆகிவிடும். பங்களிப்பாளர் சமூகத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஆனால் பானையில் எதைப் போட்டாலும் சரி என்று அவர்கள் விட்டுவிடவில்லை. விளையாட்டின் கைந்நூலிலேயே தமது கொள்கைகளை எழுதி வைத்தனர். விளையாடுபவர் முன்னால் உண்மையான தெரிவுகள் இருக்க வேண்டும். அலுப்பூட்டும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் இலாபம் என்ற நிலை இருக்கக்கூடாது. வெளியே தேடிப் படித்தால்தான் வெல்லலாம் என்ற நிலையும் கூடாது.

வர்த்தகர்களுக்குச் சுவையான ஒரு விடயம்: இந்த விளையாட்டில் கடைகள் உண்டு. நீங்கள் வாங்கலாம், ஆனால் உங்கள் பொருளைக் கடைக்காரருக்கு விற்க முடியாது. ஏன்? விற்க முடியுமென்றால் விளையாடுபவர் கண்ட கண்ட பொருளையெல்லாம் சுமந்துகொண்டு கடைக்கும் நிலவறைக்கும் நடந்துகொண்டே இருப்பார். அது அலுப்பு. ஆகவே வேண்டாம். காரணம் எழுத்தில் இருப்பதால், "விற்கும் வசதி தாருங்கள்" என்று கேட்பவருக்குக் கொள்கையைக் காட்டிப் பணிவாக மறுக்கலாம். மறுப்பு ஆளின் மீது விழாது.

தமது பழைய பொருளையும் அவர்கள் இதே அளவுகோலால் அளந்தனர். நீண்டகாலமாக இருந்த பசி, உணவு என்ற அம்சத்தை 2021 ஜனவரியில் வெளியான 0.26 ஆம் பதிப்பில் முற்றாக நீக்கினர். பழகிய ஒன்றை எடுத்துவிட்டால் வாடிக்கையாளர் கோபிப்பார் என்பது தெரிந்தே செய்தனர். உங்கள் கடையில் பத்து வருடமாக ஓடாமல் தட்டில் தூசு படியும் பொருளை நீக்க உங்களுக்கு அந்தத் துணிவு உண்டா?

பாடம் 4: முதல் தடவை வருபவரை இழக்காதீர்கள்

ஒரு பெரிய பங்களிப்பாளர் எப்படி உருவாகிறார்? பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுபவராகத்தான் வருவார். அல்லது "எனது திரையில் கோடுகள் உடைந்து தெரிகின்றன" என்று முறையிடுபவராக வருவார். எழுத்துத்திரை விளையாட்டில் இது அடிக்கடி வரும் முறைப்பாடு. ஒருவரது டேர்மினல் மற்றவருடையதைப் போல இருப்பதில்லை. நிறமும் எழுத்துருவும் அளவும் வேறுபடும். பராமரிப்பாளரின் கணனியில் அந்த வழு தோன்றவே தோன்றாது.

இந்த இடத்தில் இரண்டு விதமான பதில்கள் சாத்தியம். "என்னிடம் சரியாகத்தான் வேலை செய்கிறது" என்பது ஒன்று. அத்தோடு அந்த மனிதர் போய்விடுவார். "தகவலுக்கு நன்றி. எந்தப் பதிப்பு, எந்த டேர்மினல், திரை எத்தனை வரி, எந்த விசையை அழுத்தியபோது நடந்தது என்று அறியத் தாருங்கள்" என்பது மற்றொன்று. இந்தப் பதில் அவரை உதவியாளராக மாற்றுகிறது. இரண்டாம் முறை அவர் வழுவோடு சேர்த்துத் திருத்தத்தையும் அனுப்பக்கூடும்.

நல்ல பராமரிப்பாளர்கள் வழக்கமாகச் செய்பவை இவை: புதியவர் விளையாட்டைத் தமது கணனியில் கட்டி ஓட்டுவதற்கான படிமுறையை எழுதி வைப்பார்கள். ஆரம்பிப்பவருக்கு ஏற்ற சின்ன வேலைகளைத் தாமே செய்துவிடாமல் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். வந்த திருத்தத்தை உடனே சேர்க்க முடியாவிட்டாலும், "பார்த்தேன், அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று ஒரு வரியாவது எழுதுவார்கள். புதிய பதிப்பு வெளியாகும்போது உதவியவர் பெயரைச் சேர்ப்பார்கள். சம்பளம் கொடுக்க முடியாத இடத்தில் பெயர்தான் சம்பளம். அதைக் கொடுப்பதற்குச் செலவே இல்லை. ஆனால் கொடுக்காமல் விடுவதற்குச் செலவு உண்டு.

வாடிக்கையாளருக்கும் இதே நியாயம் உண்டு. நிலவறையின் நடுப்பகுதியில் ஆட்டத்தைச் சேமித்து வைத்தவர், புதிய பதிப்பை ஏற்றியதும் சேமித்தது திறக்கவில்லை என்றால் அவரது ஒரு மாத உழைப்பு போயிற்று. ஆகவே சிறு திருத்தப் பதிப்பில் பழைய சேமிப்பு திறக்கும்படி பார்த்துக்கொள்வதும், முடியாதபோது முன்கூட்டியே அறிவிப்பதும் பராமரிப்பாளரின் கடமை. வெளியீடு என்பது வாக்குறுதி.

பாடம் 5: மௌனத்திற்கும் விலை உண்டு

நெட்ஹெக் குழுவைப் பாராட்டியே பேசினால் பாடம் முழுமையாகாது. 2003 டிசம்பரில் 3.4.3 ஆம் பதிப்பு வந்தது. அதற்கடுத்த பெரிய வெளியீடான 3.6.0 வந்தது 2015 டிசம்பரில். இடையில் 12 ஆண்டுகள். குழு கலையவில்லை, உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வெளியே எதுவும் தெரியவில்லை.

விளைவு என்ன? காத்திருந்தவர்கள் தாமாகவே கிளைப் பதிப்புகளை உருவாக்கத் தொடங்கினர். 'அன்நெட்ஹெக்', 'நெட்ஹெக் 4' போன்றவை இவ்வாறு வந்தவையே. 2014 இல் முடிவடையாத பதிப்பொன்றின் நிரல் அனுமதியின்றி வெளியே கசிந்தது. மௌனம் நீடிக்கும்போது வாடிக்கையாளர் மட்டுமல்ல, திறமையாளரும் வேறு வாசல் தேடுவார்.

ஆனால் குழுவினர் பின்னர் செய்ததுதான் படிப்பினை. கிளைப் பதிப்புக்காரர்களைத் துரோகிகளாகப் பார்க்கவில்லை. வெளியில் பெயர் பெற்ற சிலரைத் தமது குழுவிலேயே சேர்த்துக்கொண்டனர். வெளியே உருவான திருத்தங்கள் பலவற்றை உள்ளே எடுத்தனர். அன்றாட வேலை நடக்கும் நிரல் களஞ்சியத்தையும் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டனர். போட்டியாளரிடம் நல்லது இருந்தால் ஒப்புக்கொள்ளும் மனம் அவர்களுக்கு இருந்தது. 2020 இல் பேஸ்புக் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் தமது ஆய்வுக் களமாக இந்த விளையாட்டைத் தெரிவு செய்தனர். மூடிய கதவுக்குள் இருந்திருந்தால் அந்த மதிப்புக் கிடைத்திருக்குமா?

பாடம் 6: சாவியைப் பகிருங்கள், ஆனால் பார்த்துப் பகிருங்கள்

"எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன்" என்ற பராமரிப்பாளர் ஒருநாள் களைத்து விழுவார். ஆகவே சாவி குறைந்தது இருவரிடமாவது இருக்க வேண்டும். ஆனால் இதில் ஆபத்தும் உண்டு என்பதை 2024 இல் உலகம் கண்டது.

அது விளையாட்டு அல்ல. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-ஸெட்' என்ற சிறிய திறந்த மூல மென்பொருள். அதைக் கவனித்து வந்தவர் அநேகமாக ஒருவர்தான், அவரும் களைத்திருந்தார். 2021 அளவில் புதியவர் ஒருவர் பயனுள்ள திருத்தங்களோடு வந்தார். "வேலை தாமதமாகிறது, இவரிடம் ஒப்படையுங்கள்" என்று வேறு பெயர்களில் நெருக்குதல்களும் வந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் புதியவர் முழு நம்பிக்கையைப் பெற்றார். 2024 ஆரம்பத்தில் வெளியான பதிப்புகளில் சேர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழையக்கூடிய இரகசிய வழியொன்றை ஒளித்து வைத்தார். மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர் ஒருவர், வழமையைவிட அரை வினாடி தாமதமாகிறதே என்று ஆராய்ந்தபடியால்தான், மார்ச் மாத இறுதியில் அது அகப்பட்டது.

ஆகவே சாவியை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்வது தவறு. ஒருவரே தனியாகக் களைத்துக் கிடந்ததுதான் திருடனுக்கு வாசலைத் திறந்தது. சரியான படிப்பினை வேறு: களைப்பு வருமுன்னரே பங்காளிகளைத் தேடுங்கள். பொறுப்பைப் படிப்படியாகக் கொடுங்கள். எவர் செய்த மாற்றத்தையும் இன்னொருவர் பார்க்கும் முறை இருக்கட்டும். அந்த முறை உங்களுக்கும் பொருந்தட்டும். அவசரப்படுத்துபவரைக் கண்டால் நிதானியுங்கள்.

விளக்குக் கடை

இறுதியாக ஒரு விடயம். நெட்ஹெக்கின் ஆரம்பகால முன்னணியாளர்களுள் ஒருவர் இஸ்சாக் மில்லர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர். 1994 இல் அவர் காலமானார். விளையாட்டின் நிலவறையில் சுரங்கத்துக்குள் ஒரு சிறு பட்டினம் உண்டு. அங்கே மெழுகுதிரியும் விளக்கும் விற்கும் கடையொன்று இருக்கும். மற்றக் கடைக்காரர்களின் பெயர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அந்த விளக்குக் கடைக்காரரின் பெயர் மட்டும் எப்போதும் இஸ்சாக். இருட்டில் அலைந்து வரும் ஒவ்வொருவரும் அவரிடம் விளக்கு வாங்கிச் செல்கின்றனர்.

பணம் கொடுக்காத ஒரு சமூகம் உழைத்தவரை நினைவுகூர்ந்த விதம் அது. நமது கடைகளுக்காக இருபது, முப்பது வருடம் உழைத்துவிட்டுப் போன ஊழியர்களின் பெயர் நமது எந்தச் சுவரில் இருக்கிறது?

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளை எடுத்துப் பின்வரும் கேள்விகளுக்கு உண்மையான பதிலை எழுதுங்கள்.

1. நாளை நான் ஒரு மாதம் வர முடியாமற் போனால், கடையின் எந்த வேலை நின்றுபோகும்? அந்த வேலையின் முறை எங்கே எழுதப்பட்டுள்ளது?

2. பங்காளிகளோடும் உறவினரோடும் உள்ள ஏற்பாடுகளில் எவை இன்னும் வாய்ப் பேச்சாகவே இருக்கின்றன?

3. கடந்த மாதம் ஊழியர் ஒருவர் சொன்ன யோசனையை நான் மறுத்தபோது காரணம் சொன்னேனா?

4. முறைப்பாடு சொன்ன வாடிக்கையாளருக்கு என்ன பதில் கொடுத்தேன்?

5. என்னைத் தவிரச் சாவி யாரிடம் இருக்கிறது? அவரது வேலையை யார் பார்க்கிறார்? எனது வேலையை யார் பார்க்கிறார்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் பேனா நிற்குமானால், திருத்த வேண்டிய இடம் அதுதான். அங்கிருந்து தொடங்குங்கள்.